நிகர எடை

கருங்கல் சந்தையிலிருந்து கடற்கரைக்குப் போகிற ரோட்டில்
தகரக் கூரை போட்ட எடை மேடை. எனக்கு இரவு ஷிப்ட்.
டிப்பர் ஏறி நிற்கும்.
சிவப்பு எண்கள் பதறும், பிறகு அடங்கும்.
அடங்கிய பிறகுதான் சீட்டு அடிக்க வேண்டும்.
வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி சொன்னது
அது ஒன்றுதான்.

பாட்டுகள் ததேயுஸ் தந்தவை.
குவாரியில் கல் ஏற்றி
கடலரிப்புத் தடுப்புக்குக் கொண்டு கொட்டுகிறவன்.
"ராக்குன்னா பாறதானே. ஒனக்கும் எனக்கும் தோதுள்ள பாட்டு"
என்று பென்டிரைவை நீட்டினான்.
பெயர் எதுவும் இல்லை. டிராக் ஒன்று, டிராக் ரெண்டு.

எந்த நாட்டு ஆட்களோ.
வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை.
ஏழாவதில் ஒருத்தன் கத்துகிறான்
தீப்பிடித்த வீட்டுக்குள்
சாவியைத் தேடுகிறவன் மாதிரி.
அவனுக்குப் பின்னால் டிரம்ஸ்,
யாரோ கதவை இடிக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம்
கடைசியில் சமாதானம் சொல்லும்.
இது சொல்லவில்லை.
ஹெட்போனைக் கழற்றவும் தோன்றவில்லை.
மூன்று வருஷமாய் என் வயிற்றுக்குள் கிடக்கிற ஒன்றை
முன்பின் தெரியாத ஒருத்தன்
எப்படிக் கண்டுபிடித்தான்?

வீட்டில் இதற்கு வெப்ராளம் என்று பெயர்.
சீரகத் தண்ணி குடித்தால் போகும்.
தக்கலை டாக்டர்
தூக்கம் எப்படி என்று கேட்டார், பசி எப்படி என்று கேட்டார்.
கடல் எப்படி என்று கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
கள்ளக்கடல் என்று போனில் எச்சரிக்கை வருகிறது டாக்டர்.
காற்று இல்லை, மழை இல்லை,
நல்ல வெயில் அடிக்கிற மத்தியானம்
மீன்குழம்பு கொதிக்கிற அடுக்களைக்குள்
கடல் வந்து நிற்குமாம்.
கூடப் படித்த ஜெனிஷாவுக்கு வந்தது, இனயம் பக்கம்.
மிக்ஸியைத் தூக்குவதா, பிள்ளையைத் தூக்குவதா என்று
ஒரு நொடி யோசித்தேன் டீ என்றாள்.
அந்த ஒரு நொடியைத்தான்
அவள் திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

எங்கள் பக்கம் ரப்பர் வெட்டு இல்லாத நாள் கூடிவிட்டது.
ஐப்பசி முழுக்கப் பெய்ய வேண்டியதை
ஒரே ராத்திரியில் கொட்டிவிட்டுப் போகிறது வானம்.
அப்பா மாடியில் ஷீட் போட்டார்,
ரெண்டாவது ஃபேன் வாங்கினார்.
இதையெல்லாம் பேசினால்
எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

மணி ரெண்டேகால். ஏற்றிய எடை 28,640.
காலி வண்டி 10,210.
நிகரம் பதினெட்டாயிரத்து நானூற்று முப்பது கிலோ மலை.
இன்று ராத்திரிக்கு இது பதினொன்றாவது.
கிழக்கே ஒரு குன்று கண்முன்னால் குழியாகிறது,
மேற்கே அந்தக் குன்றைக் கடல்
நக்கிப் பார்த்துவிட்டு
இன்னும் கொண்டா என்கிறது.
ஜெனிஷாவின் முன்னறை இருந்த இடத்தில் கிடக்கிற கல்லுக்கு
நான்தான் சீட்டு அடித்திருப்பேன்.
இருபது ரூபாய்க் கூலியோடு இந்த வரிசையில் நானும் நிற்கிறேன்.

வண்டி இல்லாத நேரம்.
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
மேடையின் நடுவில் போய் நின்றேன்.
இரும்புத் தகடு பகல் வெயிலை இன்னும் விடவில்லை.
வெளிப்பலகையில் ஐம்பது.
ஏழாவது பாட்டைப் போட்டேன். டிரம்ஸ் தொடங்கியதும்
கால் தானாக மிதித்தது. அறுபது.
நாற்பது. எழுபது. மறுபடி ஐம்பது.
குதித்தேன், யாரும் பார்க்கவில்லை என்றுதான் குதித்தேன்,
எண்கள் பைத்தியம்போல் ஓடின,
எங்கும் நிற்கவில்லை.

ஹெட்லைட் முகத்தில் அடித்தது.
ததேயுஸ் தலையை நீட்டினான்.
"என்ன செய்யுத?"

"ஒண்ணுமில்ல. மெதுவா கேறு.
எண்ணு அடங்கட்டு."